தொண்டையில் முளைத்த இன்னொரு பல்

1856-இல் கிறிஸ்டியன் பாண்டர் பழைய கடற்பாறைகளிலிருந்து பிரித்தெடுத்து விவரித்த பொடிப்பொடியான கூரிய துணுக்குகளுக்குக் கோனோடான்ட் என்று பெயர். பல் கிடைத்ததே தவிர, அதற்கு உரிய உயிர் வெகுகாலம் அகப்படவில்லை. எடின்பரோ அருகே கிராண்டனில் கிடைத்த புதைபடிவத்தைப் பற்றி 1983-இல் ஆய்வு வெளியான பிறகே, அது விலாங்குபோல் நீண்ட, தாடையே இல்லாத சிறிய கடலுயிர் என்பது உறுதியானது. பற்களோ அசாத்தியமானவை. சிலவற்றின் முனை இரண்டு மைக்ரோமீட்டர் அளவுக்குக் கூர்மை; இரையை அறுத்த தேய்மானம்கூட அவற்றில் பதிந்திருக்கிறது. அடியில் ஒரு தண்டுப் பகுதி, அதன்மேல் எனாமலை ஒத்த கால்சியம் பாஸ்பேட் மகுடம். நம் பல்லும் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால், முதுகெலும்பிகளின் பல் இவற்றின் தொண்டையில்தான் தொடங்கியது என்று 1990-களில் சிலர் வலுவாக வாதிட்டார்கள்.

அந்த முடிவு நிற்காது என்பதே என் கருத்து. வளர்ந்து முடிந்த பல்லை மட்டும் பார்த்தால் ஒற்றுமைதான் தெரியும். அது வளர்ந்த விதத்தைப் பார்த்தால் கதை மாறுகிறது. 2013-இல் டங்கன் மர்டாக், பிலிப் டோனஹூ குழுவினர் சிங்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு, துணுக்குகளை உடைக்காமலே உள்ளடுக்குகளைப் படமெடுத்தார்கள். இந்த வம்சத்தின் முன்னோர்களான பாராகோனோடான்ட்டுகளில் அடித்தண்டு மட்டுமே இருந்தது, மகுடம் இல்லை. பிந்தியவற்றில்தான், அதே தண்டின்மேல் மகுடம் படிப்படியாகச் சேர்ந்தது. ஆகவே அந்த எனாமல் மூதாதையிடமிருந்து வந்த சொத்து அல்ல, இந்த வம்சம் தானே தேடிக்கொண்டது.

முன்னோர்களிடம் எனாமல் இருந்து மறைந்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்படியானால் ஒருமுறை இழந்து, மறுபடி அதே இடத்தில் பெற்றிருக்க வேண்டும். அடுக்குகளில் தெரியும் படிப்படியான வரிசைக்கு அது தேவையற்ற சுற்றுவழி. கோனோடான்ட்டுக்கும் நம் பல்லுக்கும் ஒரே கனிமம் என்பதும் உறவுக்குச் சான்றாகாது. முதுகெலும்பே இல்லாத லிங்குலா என்ற கடலுயிரின் ஓடும் கால்சியம் பாஸ்பேட்தான். கனிமத்தைப் படியவைக்கும் மரபணுத் திறனில் ஒரு பகுதி பொதுவான மூதாதையிடமிருந்து வந்திருக்கலாம் என்ற வாதத்தை மட்டும் நான் மறுக்கமாட்டேன். இணைப் பரிணாமம் நடக்க அதுவே வழிசெய்கிறது; திறன் பொதுவாக இருந்தாலும், அதை வைத்துப் பல் செய்தது தனித்தனியே. நம் கிளையின் எனாமல் தொண்டையில் பிறக்கவில்லை என்பதற்குத் தனிச் சான்றும் உண்டு. 2015-இல் வெளியான ஆய்வின்படி, சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆண்ட்ரியோலெபிஸ் மீனுக்கு எனாமல் இருந்தது செதில்களில். சீனாவின் சாரோலெபிஸுக்குச் செதில்களிலும் தலையின் தோல்முட்களிலும். இரண்டின் பற்களிலும் அது இல்லை.