முள் காட்டும் அளவும் மின்னழுத்தச் சீராக்கியும்

நுழையும்முன்

அளவுகருவி தவறாகக் காட்டினால் குறை அந்தக் கருவியில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கருவிக்கு ஆற்றல் வழங்கும் மூலமும் நிலைதவறியிருக்கலாம். வண்டியின் எரிபொருள் அளவியையும் வெப்ப அளவியையும் சான்றாகக் கொண்டு, குறையின் இடத்தைக் கண்டறிந்து, எளிய மின்னணுப் பொருள்களால் அதனைச் சரிசெய்யும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கடற்காற்றும் மின்தொடுமுனைகளும்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த மீனவர் ஊர் கோவளம். கிழக்கே வங்கக்கடல், வடக்கே முட்டுக்காட்டுக் கழிமுகம், மேற்கே கேளம்பாக்கத்து உப்பளங்கள். இம்மூன்றுக்கும் நடுவே வீசும் காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். உப்பு படிந்த ஈரப்படலம் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையுடையது. அப்படலம் படிந்த இரும்பு துருப்பிடிக்கிறது. செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. வண்டியின் கதவிலும் அடித்தட்டிலும் தோன்றும் துரு கண்ணுக்குத் தெரியும். முகப்புப் பலகையின் பின்னே உள்ள சிறு மின்தொடுமுனைகளில் ஏறும் களிம்போ கண்ணுக்குத் தெரிவதில்லை. முள் பொய்யான அளவைக் காட்டும்போதுதான் அது வெளிப்படுகிறது.

கேளம்பாக்கத்திலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை வண்டலூரை அடைகிறது. தாம்பரத்தை அடுத்த அப்பகுதி தமிழகத்தின் மகிழுந்துத் தொழில் வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கு இயங்கியது. பிரித்தானிய வடிவமைப்பைத் தழுவிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தை அந்நிறுவனம் 1961இல் அறிமுகப்படுத்தியது. 1988இல் அதன் மகிழுந்து உற்பத்தி முடிவுக்கு வந்தது. எனினும், அக்காலத்து வண்டிகளைப் பேணிக் காத்து ஓட்டுவோர் இன்றும் உள்ளனர். பழைய உதிரிப்பாகங்களைத் தேடுவோர் சென்னைப் புதுப்பேட்டைக்குச் செல்வர். அங்கும் கிடைக்காத பாகத்திற்கு மாற்றாக ஒன்றைத் தாமே வடிவமைக்கவேண்டிய தேவை எழும். அவ்வாறு வீட்டிலேயே வடிவமைக்கத்தக்க பாகங்களுள் ஒன்று, அளவிகளுக்கான மின்னழுத்தச் சீராக்கி.

ஈருலோகப் பட்டை

1960களின் பிரித்தானிய வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் எரிபொருள் அளவியும் வெப்ப அளவியும் ஈருலோகப் பட்டையைக்கொண்டு இயங்கின. வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டி உருவாக்குவதே ஈருலோகப் பட்டை. சூடேறும்போது ஓர் உலோகம் மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் நீள்வதால், பட்டை குறைவாக நீளும் உலோகத்தின் பக்கம் வளைகிறது. வீட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டி, உரிய சூட்டை அடைந்ததும் தானே அணைவதும் இத்தகைய பட்டையால்தான்.

அளவியினுள் இப்பட்டையின்மீது மெல்லிய வெப்பக்கம்பி சுற்றப்பட்டிருக்கும். கம்பியில் மின்னோட்டம் பாயும்போது பட்டை சூடேறி வளைகிறது. அதனோடு இணைந்த முள் நகர்கிறது. எவ்வளவு மின்னோட்டம் பாயவேண்டும் என்பதைத் தொலைவிலுள்ள உணரி தீர்மானிக்கிறது. எரிபொருள் தொட்டியில் மிதவையோடு இணைந்த மாறும் மின்தடை உள்ளது. தொட்டி நிரம்ப நிரம்ப மின்தடை குறைகிறது. மின்னோட்டம் மிகுந்து முள் ‘நிறைவு’ நோக்கிச் செல்கிறது. பொறியின் குளிர்நீர் வழியில் உள்ள உணரியின் மின்தடை, சூடு ஏறஏறக் குறைகிறது. முள் ‘சூடு’ நோக்கிச் செல்கிறது.

பட்டை சூடேறச் சிறிது நேரம் ஆகும். ஆதலால், சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழாமல் மெல்ல உயரும். வண்டி குலுங்கி, தொட்டியில் எரிபொருள் அலைந்தாலும் முள் அலைவதில்லை. ஈருலோக அளவியை அடையாளம் காண்பதற்கும் இம்மெதுவான எழுச்சி உதவும்.

பத்து வோல்ட் எனும் படிக்கல்

இவ்வமைப்பில் ஓர் இடர் உண்டு. கம்பியில் தோன்றும் வெப்பம் உணரியின் மின்தடையை மட்டுமன்றி, வழங்கப்படும் மின்னழுத்தத்தையும் பொறுத்தது. மின்தடை மாறாதிருக்கும்போது வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். வண்டியின் மின்னழுத்தம் ஒரே நிலையில் இருப்பதில்லை. பொறி ஓடாதபோது அது 12 வோல்ட்டை ஒட்டியிருக்கும். பொறி ஓடி மின்கலம் மின்னேற்றம் பெறும்போது 14 வோல்ட்டையும் தாண்டும். 12இன் இருமடி 144; 14இன் இருமடி 196. தொட்டியில் ஒரு துளியும் கூடாமலேயே, பொறி ஓடத் தொடங்கியதும் வெப்பம் 36 விழுக்காடு மிகுந்துவிடும்.

எடைபோடும்போது தராசு செம்மையாக இருப்பது மட்டும் போதாது, படிக்கல்லும் மாறாதிருக்கவேண்டும். ஈருலோக அளவிக்கு அத்தகைய படிக்கல்லாக அமைந்தது 10 வோல்ட். மின்கலத்தின் அழுத்தம் எவ்வாறு ஏறி இறங்கினும், அளவிகளுக்கு 10 வோல்ட்டுக்கு இணையான மின்னழுத்தத்தை மட்டும் வழங்க ஒரு சிறிய பெட்டி பொருத்தப்பட்டது. அதுவே மின்னழுத்தச் சீராக்கி.

பழைய சீராக்கியும் ஈருலோகப் பட்டையால் ஆனதே. அதன் தொடுமுனைகள் மூடியிருக்கையில் மின்சாரம் அளவிகளுக்குச் செல்லும். அதே மின்சாரம் சீராக்கியின் பட்டையையும் சூடாக்கும். பட்டை வளைந்ததும் தொடுமுனைகள் விலகி மின்சாரம் நிற்கும். பட்டை ஆறியதும் அவை மீண்டும் மூடும். இச்செயல் இடைவிடாது நிகழும். 10 வோல்ட்டுக்கு இணையான வெப்பத்தை அளிக்க, மின்கலம் 12 வோல்ட்டில் இருக்கும்போது தொடுமுனைகள் மொத்த நேரத்தில் ஏறத்தாழ 69 விழுக்காடு மூடியிருந்தால் போதும். 14 வோல்ட்டில் 51 விழுக்காடு போதும். அளவிகள் வெப்பத்தால் இயங்குபவை. அவற்றிற்கு வழங்கும் மின்சாரத்தை மட்டுப்படுத்தியதும் வெப்பமே. அளவியின் பட்டை மெதுவாக இயங்குவதால், மின்சாரம் விட்டுவிட்டு வருவது முள்ளில் தெரிவதில்லை.

தெரிந்து தெளிவோம்

*வெப்பத்தால் மிகக் குறைவாகவே விரிவடையும் நிக்கல்–இரும்புக் கலப்புலோகம் இன்வார். இதனைக் கண்டறிந்தவர் சார்லஸ் எட்வர்டு கியோம். துல்லிய அளவீட்டுக்கு இத்தகைய கலப்புலோகங்கள் வழியே ஆற்றிய பணிக்காக 1920ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ஈருலோகப் பட்டையில் குறைவாக நீளும் பக்கத்திற்கு இன்வார் பயன்படுகிறது.*

குறையின் இடம்

முள் தவறாகக் காட்டினால் முதலில் எழுப்பவேண்டிய வினா: தவறுவது ஓர் அளவியா, இரண்டுமா? எரிபொருள் முள் மட்டும் தவறினால், குறை அந்த அளவியிலோ அதன் உணரியிலோ கம்பியிலோ இருக்கும். இரண்டு முள்களும் ஒரே திசையில் தவறினால், இரண்டுக்கும் பொதுவான சீராக்கியே ஐயத்திற்குரியது.

சீராக்கி இருவகையில் பழுதடையும். தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் 14 வோல்ட் முழுதும் அளவிகளைச் சென்றடையும். அப்போது வெப்பம் இயல்பைவிட ஏறத்தாழ இருமடங்காகும். குறைந்த எரிபொருள் மிகுதியாகத் தோன்றும். நலமான பொறி கொதிப்பதாகத் தோன்றும். சீராக்கியின் உறை வண்டியின் உடலோடு நன்கு இணையாவிடினும் இதே விளைவு ஏற்படும். உறை வழியே புவி இணைப்புப் பெறும் வெப்பக்கம்பியில் மின்சாரம் பாயாது, பட்டை வளையாது, தொடுமுனைகளும் விலகா. பணிமனைகளில் ‘எர்த்து சரியில்லை’ எனக் கூறப்படும் இக்குறை, கடற்கரை ஊர்களில் முதலில் ஐயுறத்தக்கது. துருவைச் சுரண்டி, திருகை இறுக்கினால் புதிய சீராக்கி தேவைப்படாமலும் போகலாம்.

மாறாக, களிம்பேறிய தொடுமுனைகள் மின்சாரத்தைக் கடத்தாவிடில் இரண்டு முள்களும் கீழேயே கிடக்கும். இந்நிலையே மிகுந்த தீங்குடையது. பொறி கொதித்தாலும் முள் ‘குளிர்’ என்றே காட்டும். எரிபொருள் தீர்ந்தால் வண்டி வழியில் நிற்கும், அவ்வளவே. கொதிக்கும் பொறியை அறியாமல் ஓட்டினால் பொறியே பாழாகும்.

வீட்டில் உருவாகும் சீராக்கி

இன்று இப்பணியை, நகரும் உறுப்பு ஏதுமில்லாத ஒருங்கிணைந்த சுற்று செய்கிறது. சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுப் பொருள் அங்காடிகளில் இது எளிதில் கிடைக்கும். 7810 எனும் எண்ணுடைய சுற்று மூன்று கால்களை உடையது: ஒன்று உள்ளீடு, ஒன்று புவி இணைப்பு, ஒன்று வெளியீடு. எண்ணின் இறுதி இரண்டு இலக்கங்கள் வெளியீடு 10 வோல்ட் என்பதைக் குறிக்கின்றன. அதனுள்ளே மாறாத மேற்கோள் மின்னழுத்தம் ஒன்று உருவாக்கப்படுகிறது. வெளியீடு அதனோடு இடையறாது ஒப்பிடப்படுகிறது. வெளியீடு கூடினால் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும், குறைந்தால் தளர்த்தும். உள்ளீட்டிற்கும் புவி இணைப்பிற்கும் இடையே 0.33 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும், வெளியீட்டிற்கும் புவி இணைப்பிற்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இணைத்தால் சுற்று நிலையாக இயங்கும்.

7810 கிடைக்காவிடில், வெளியீட்டை வேண்டியவாறு அமைத்துக்கொள்ளத்தக்க எல்.எம். 317 பயன்படும். அதன் வெளியீட்டிற்கும் சரிசெய் முனைக்கும் இடையே 1.25 வோல்ட் மாறாதிருக்கும். அவ்விரு முனைகளுக்கு இடையே 240 ஓம் மின்தடையும், சரிசெய் முனைக்கும் புவி இணைப்பிற்கும் இடையே 1,680 ஓம் மின்தடையும் இணைக்கவேண்டும். 1,680ஐ 240ஆல் வகுக்க 7 கிடைக்கும், அதனோடு 1 கூட்ட 8, அதனை 1.25ஆல் பெருக்க 10 வோல்ட். கடையில் 1,680 ஓம் மின்தடை தனியே கிடைக்காது. 1,500 ஓமையும் 180 ஓமையும் தொடராக இணைத்தால் அது கிடைத்துவிடும்.

இவ்விரு சுற்றுகளும் செம்மையாக இயங்க, உள்ளீடு வெளியீட்டைவிட ஏறத்தாழ 2 வோல்ட் மிகுந்திருக்கவேண்டும். பொறி ஓடும்போது இதற்குத் தடையில்லை. பொறி அணைந்து, விளக்குகள் எரியும் நேரத்தில் மின்கலம் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வெளியீடும் 10க்குக் கீழே இறங்கும். தவறான முனையிணைப்பிலிருந்து காக்க டையோடு ஒன்றைத் தொடராக இணைத்தால் மேலும் 0.7 வோல்ட் குறையும். காப்பு வேண்டுமெனில் துல்லியத்தில் சிறிது இழக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே விரும்புவோர், குறைந்த அழுத்த வேறுபாட்டிலேயே இயங்கும் எல்.எம். 2940 தொகுதியின் 10 வோல்ட் சுற்றைத் தேர்ந்தெடுக்கலாம். வண்டிகளுக்கென வடிவமைக்கப்பட்ட அச்சுற்றில், முனை மாறினாலும் கேடுறாத காப்பு உள்ளேயே அமைந்துள்ளது. அதன் வெளியீட்டில் குறைந்தது 22 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருத்தல் வேண்டும்.

வெப்பமும் காப்பும்

அளவிகள் இரண்டும் சேர்ந்து 0.3 ஆம்பியர் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், 14 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட்டாகக் குறைக்கும் சுற்றில் 4 × 0.3 = 1.2 வாட் வெப்பமாக மாறும். வெப்பத்தகடு இல்லாத 7810இன் உள்வெப்பநிலை ஒவ்வொரு வாட்டுக்கும் ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் உயரும்; 1.2 வாட்டுக்கு 78 பாகை. வெயிலில் நின்ற வண்டியின் முகப்புப் பலகைக்குப் பின்னே 60 பாகை இருப்பின், மொத்தம் 138 பாகை ஆகிவிடும். சுற்றுக்குரிய எல்லை 125 பாகை. மிகையாகச் சூடேறினால் சுற்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். முள்கள் கீழே விழும். எனவே வெப்பத்தகடு இன்றியமையாதது.

7810இன் உலோக முதுகு புவி இணைப்போடு சேர்ந்தது. அதனை வண்டியின் உடலிலேயே திருகலாம். எல்.எம். 317இன் முதுகோ வெளியீட்டோடு சேர்ந்தது. இடையே மைக்காத் தகடும், திருகுக்குக் காப்பு வளையமும் இன்றி அதனைத் திருகினால் குறுக்குச்சுற்று ஏற்படும். பழைய பிரித்தானிய வண்டிகள் சிலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இச்சுற்றுகள் அவ்வண்டிகளுக்கு நேரடியாகப் பொருந்தா. எதிர்முனையே உடலோடு இணைந்துள்ளதா என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.

சோதித்தபின் பொருத்துதல்

சுற்றை வண்டியில் பொருத்துவதற்குமுன் மேசையில் சோதிப்பதே முறை. வெளியீட்டில் அளவிகளுக்கு மாற்றாக 33 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை இணைத்தால் ஏறத்தாழ 0.3 ஆம்பியர் பாயும். கால் மணி நேரம் கழிந்தும் பன்னோக்கு மின்னளவி 10 வோல்ட்டையே காட்டினால் சுற்று நம்பத்தக்கது. வண்டியில் பணிசெய்யும்போது மின்கல இணைப்பைக் கழற்றிவைத்தலும், உள்ளீட்டுக் கம்பியில் உருகி இணைத்தலும், எரிபொருள் தொட்டியின் அருகே தீப்பொறி எழாமல் காத்தலும் தவிர்க்கக்கூடாதவை. மாணவர்கள் இதனைத் தேர்ந்தவர் முன்னிலையிலேயே செய்யவேண்டும்.

பொருத்தியபின் இறுதிச் சோதனை ஒன்று எஞ்சியுள்ளது. தொட்டியில் எரிபொருளை அளந்து ஊற்றி, ஒவ்வோர் அளவிற்கும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். சீராக்கி தருவது மாறாத மின்னழுத்தத்தை மட்டுமே. உணரி தேய்ந்திருந்தால் முள் அப்போதும் தவறும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் தவறும். அத்தவற்றைக் கணக்கிட்டுத் திருத்தலாம். படிக்கல் நாளுக்கொரு விதமாக மாறும்போது எத்திருத்தமும் நிலைக்காது.