'ஓட ஓட சரியாயிரும்'னா நம்பாதீங்க அண்ணாச்சி!

குற்றால சீசனுக்கு முன்னாடி புது கார் எடுத்துடணும்... சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் டாக்ஸி ஓட்டும் அண்ணன்களின் கணக்கு இது. சாரல் விழுந்தால் சவாரி உண்டு. அந்த மாதங்களில் வண்டி சர்வீஸ் சென்டரில் நின்றால்? சவாரி நிற்கும், இ.எம்.ஐ. நிற்காது!

'கியர் போட்டா சத்தம் வருது' என்று போனால், 'ஓட ஓட சரியாயிரும் அண்ணாச்சி' என்பார்கள். மறுபடி போனால், 'நீங்க ஓட்டுற விதம் அப்படி.' மூன்றாம் முறை, 'பார்ட்ஸ் வரலை.' இப்படியே வாரன்டி தேதி முடிந்துவிடும்.

சரி, கேஸ் போட்டால் புது கார் கிடைக்குமா? சுப்ரீம் கோர்ட் வரை போன இரண்டு வழக்குகளைப் பாருங்கள்.

முதலாவது, மாருதி வழக்கு. கிளட்ச் கோளாறு. காரையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை 2006-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. வாரன்டியில் எழுதியிருப்பது பழுதான பாகத்தை மாற்றுவது பற்றித்தான், முழுக் காரை அல்ல என்றது. ஆக, வாரன்டி புக்கை வண்டி எடுக்கும் அன்றைக்கே படிச்சிடணும் பாஸ்!

இரண்டாவது, நம்ம இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் க்ரெட்டா. 2015-ல் டெல்லிக்காரர் ஒருவர் வாங்கினார். 2017-ல் பானிபட் சாலையில் விபத்து. ஏர்பேக் விரியவே இல்லை. தலை, நெஞ்சு, பல் எல்லாம் அடி. மொத்தம் 3 லட்சம் ரூபாய் இழப்பீடும், மாற்று காரும் தரச் சொன்ன உத்தரவை 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. மோதிய வேகம், விசை எல்லாம் கணக்குப் போட வாடிக்கையாளர் ஒன்றும் இயற்பியல் நிபுணர் இல்லை என்றது. அந்தக் கணக்கில் மெக்கானிக்கல் படிக்கிற எங்க கிளாஸ்லயே பாதிப் பேருக்கு அரியர்! இன்னொரு முக்கியமான விஷயம்... மோதினால்தான் தெரியவரும் குறைக்கு, அது வெளிப்பட்ட நாளில் இருந்துதான் காலக்கெடு ஓடும்.

அப்போ நாம செய்ய வேண்டியது?

* ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு கேட்டு வாங்குங்கள். 'ஜெனரல் செக்-அப்' என்று எழுத விடாதீர்கள். 'இரண்டாவது கியரில் சத்தம்' என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரே புகார் மூன்று ஜாப் கார்டில் இருந்தால் அதுதான் பலமான ஆதாரம்.

* ஓட்டிப் பார்க்காமல் 'திருப்தி' என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

* டீலரோடு நிற்காமல் கம்பெனிக்கும் எழுதுங்கள். போனில் பேசியது காற்றோடு போச்சு, மெயில் நிற்கும்.

* அப்படியும் அசையலையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

* கடைசி வழி, நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டப்படி, டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 50 லட்சம் வரை விலை கொடுத்த பொருள் என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம், 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். வக்கீல் வைத்தே ஆகணும் என்பதும் இல்லை.

'டாக்ஸிதானே, அது பிசினஸ். நீங்க நுகர்வோரே இல்லை' என்று யாராவது மடக்கினால்? அசர வேண்டாம். லாபத்துக்காக வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால், தன் பிழைப்புக்காக, சுயதொழிலாக ஒரு வண்டி வாங்கி ஓட்டுபவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. பத்து வண்டி வாங்கி ஆள் போட்டு ஓட்டும் டிராவல்ஸ் முதலாளியின் கதை வேறு.

உங்கள் தெருவில் புது வண்டியோடு சர்வீஸ் சென்டருக்கு அலைகிற அண்ணன் யாராவது இருக்கிறாரா? கூடப் போய் அந்த ஜாப் கார்டை ஒரு தடவை வாசித்துக் காட்டுங்களேன். நாம படிச்ச இங்கிலீஷ் அதுக்காவது உதவட்டும்!