ரோட்டரியா, வி6-ஆ? கைமாறி வரும் இரண்டு ஜப்பானிய கூபேக்கள்

நிஸான் 350இசட் 2002-இலும் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 2003-இலும் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. இரண்டிலும் எஞ்சின் முன்னால் இருக்கிறது. உந்துவிசை பின்சக்கரங்களுக்குப் போகிறது. பிரிட்டனின் பழைய கார் சந்தையில் இன்றும் இவை ஒன்றுக்கொன்று போட்டி. ஆர்எக்ஸ்-8 பொதுவாக மலிவு. அந்த மலிவுக்குக் காரணம் அதன் எஞ்சின்தான். காரை நேசிப்பவர்கள் நேசிப்பதும் அதே எஞ்சினைத்தான்.

ரெனிசிஸ் என்னும் அந்த ரோட்டரி எஞ்சினில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு, தத்தம் அறைக்குள் சுழல்கின்றன. இரண்டுக்கும் சேர்த்துக் கொள்ளளவு 1.3 லிட்டர்தான். ஆனாலும் உயர்திறன் வகை 231 குதிரைத்திறன் தருகிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்றை நெருங்கும்வரை அதிர்வே இல்லாமல் ஏறுகிறது. எஞ்சின் சிறியது என்பதால் முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாகப் பொருத்த முடிந்தது. வளைவுகளில் இந்தக் கார் காட்டும் சமநிலை அதிலிருந்து வருவது. அந்த விஷயத்தில் 350இசட் இதற்கு ஈடாகாது.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள்தான் இதன் பலவீனம். அவை அறைச்சுவரை உரசிக்கொண்டே ஓடுவதால், எஞ்சினே கொஞ்சம் ஆயிலை உள்ளே செலுத்தி எரிக்கிறது. எனவே ஆயில் குறைவது கோளாறு அன்று. எரிபொருள் நிரப்பும்போதெல்லாம் ஆயில் குச்சியை உருவிப் பார்க்காத உரிமையாளரே இந்த எஞ்சினுக்கு எமன். பலவீனமான இக்னிஷன் காயில்களும் கேடு செய்யும். தீப்பொறி சரியாக விழாவிட்டால், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதை உருக்கி அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத வெப்பம் எஞ்சினுக்கே திரும்பும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வாசலில் சில அடி நகர்த்தி, உடனே அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி, மறுமுறை கிளம்ப மறுக்கும்.

சீல்கள் தேய்ந்திருப்பதன் முதல் அறிகுறி சூட்டில் தெரியும். அரைமணி நேரம் ஓட்டிச் சூடேறிய பிறகு அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். நெடுநேரம் இழுத்தால் கம்ப்ரஷன் போய்விட்டது என்று கொள்ளலாம். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் அளந்து, ரோட்டர் ஒன்றுக்கு மூன்றாக ஆறு எண்களையும் எழுத்தில் வாங்க வேண்டும். சாதாரண கம்ப்ரஷன் மானி மூன்று அறைகளையும் பிரித்துக் காட்டாது. மாஸ்டாவின் அளவுகோல்படி, 250 சுற்று வேகத்துக்குச் சரிசெய்த மதிப்பு 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போகக் கூடாது. நல்ல எஞ்சினில் 830-ஐ ஒட்டி இருக்கும். எண்களைக் காட்டாமல் 'நன்றாக ஓடுகிறது' என்று மட்டும் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்கவே கூடாது. எஞ்சினை மீண்டும் கட்ட ஆகும் செலவு காரின் விலையையே தாண்டக்கூடும்.

350இசட்டில் அத்தகைய ஒற்றைச் சோதனை கிடையாது. அதன் 3.5 லிட்டர் வி6 உறுதியான எஞ்சின். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பதால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவும் இல்லை. குறைந்த சுற்றிலேயே இழுவிசை கிடைப்பதால் அன்றாட ஓட்டத்துக்கு இது எளிது. இங்கே பார்க்க வேண்டியது எந்த ஆண்டு எஞ்சின் என்பதை. ஆரம்பகால 280 குதிரைத்திறன் வகையில் பெரிய குறை இல்லை. 2006 வாக்கில் வந்த 300 குதிரைத்திறன் வகை அளவுக்கு மீறி ஆயில் குடிப்பதாகப் பெயரெடுத்தது. 2007-இல் வந்த எச்ஆர் வகையை பானெட்டின் நடுவிலுள்ள மேட்டை வைத்தே அடையாளம் காணலாம். மூன்றிலும் உயிர்ப்பானது அதுதான். ஆனால் அதன் டைமிங் மூடிக்குப் பின்னால் ஆயில் பாதையை அடைக்கும் கேஸ்கெட் கிழிந்து ஆயில் அழுத்தம் இறங்குவதுண்டு. சரிசெய்ய எஞ்சினின் முன்பகுதியையே பிரிக்க வேண்டும். அது ஏற்கெனவே மாற்றப்பட்டதற்கு ரசீது இருந்தால் நல்லது.

இந்தக் காரை அதன் முந்தைய உரிமையாளர்களும் கெடுத்திருக்கலாம். டயரைத் தேய்த்துச் சறுக்கி விளையாடவும் பந்தயத் தளத்தில் ஓட்டவும் பலர் விரும்பிய கார் இது. நான்கு டயர்களும் வெவ்வேறு மலிவு பிராண்டாக இருப்பது, கிளட்ச் வழுக்குவது, டிஃபரன்ஷியலில் முனகல் கேட்பது எல்லாம் அப்படிப்பட்ட வாழ்க்கைக்குச் சாட்சி.

பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் உப்பு தூவுவதால், ஆர்எக்ஸ்-8-இன் பின்சக்கர வளைவுகளையும் கதவுக்கடியிலுள்ள பகுதியையும் குனிந்து பார்க்க வேண்டும். துரு உள்ளிருந்து வருவது. மேலே பூசிய பெயிண்ட் ஒரு பருவத்துக்கு மறைக்கும். காரின் பதிவு எண்ணைக் கொடுத்தால் அரசின் இணையதளத்தில் எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் பழைய முடிவுகள் கிடைக்கும். ஓடிய தூரம் ஆண்டுதோறும் சீராக ஏறியதா என்பதும், துரு எப்போது முதலில் குறிக்கப்பட்டது என்பதும் அதில் தெரியும்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆர்எக்ஸ்-8 ஒன்றே வழி. பின்நோக்கித் திறக்கும் சிறிய பின்கதவுகளும் பெரியவர்களும் உட்காரக்கூடிய பின்னிருக்கைகளும் அதில் உண்டு. 350இசட்டில் இரண்டே இருக்கைகள்; சாமான் வைக்கும் இடத்தையும் குறுக்கே செல்லும் பலப்படுத்தும் கம்பி தின்றுவிடுகிறது. பெட்ரோல் செலவில் இரண்டுமே பெருந்தீனிக்காரர்கள். சிறிய எஞ்சின் என்பதை நம்பி ஆர்எக்ஸ்-8-இல் சிக்கனத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

கடைசியாக, சாலை வரி. கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு வெளியிடும் கார் 2006 மார்ச் 23-க்கு முன் பதிவாகியிருந்தால் வரி 'கே' பிரிவோடு நின்றுவிடும். அதன் பின் பதிவான இவ்விரு கார்களும் உச்சப் பிரிவுக்குப் போகின்றன. வேறுபாடு இப்போது ஆண்டுக்கு 300 பவுண்டுக்கும் அதிகம். 350இசட்டை விரும்புபவருக்கு இது வசதி: நம்பகமான 280 குதிரைத்திறன் வகையே குறைந்த வரியிலும் வருகிறது. ஆர்எக்ஸ்-8-இல் நிலைமை நேர்மாறு. ரோட்டருக்கு மூன்று ஆயில் துளைகள் வைத்துச் சீல்களுக்கு மேலும் பாதுகாப்பளித்த ஆர்3 வகை 2008-இல்தான் வந்தது. அதற்கு முழு வரியும் கட்டியாக வேண்டும்.