ரசிகர் கூட்டம் சென்ட் கம்பெனி ஆகும்போது

பிடித்த சென்ட்டின் மணம் மாறிவிட்டதை முதலில் கண்டுகொள்பவர்கள் அதன் ரசிகர்கள்தான். இத்தாலியில் அப்படிப்பட்டவர்கள் ஒன்றுகூடி, தயாரிப்பு நின்றுபோன வாசனைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள், சிறு புட்டிகளில் ஊற்றி மாற்றிக்கொள்கிறார்கள். ஒருகட்டத்தில் நாமே கலந்து பார்க்கலாமே என்று இறங்கியும் விடுகிறார்கள். 'நீஷ்' வகை நிறுவனங்கள் சில இப்படிப் பிறந்தவைதான். நட்சத்திர விளம்பரம் இல்லாமல், கொஞ்சமாகத் தயாரித்து, தேர்ந்த கடைகளில் மட்டும் விற்பவை அவை.

ப்ரேஷா நகரத்து அந்தோனியோ கார்தோனி தொழிலால் கட்டடக் கலைஞர். அவரே கலந்த 'மாய்' சென்ட், அவருடைய 'போக்' நிறுவனத்திலிருந்து 2014இல் வந்தது. வெரோனாவில் ஆந்த்ரேயா ருபினி, வாசனைகளைப் பற்றி எழுதிவந்த ரசிகர் எர்மானோ பிக்கோவையும் தொழில்முறைக் கலவையாளர் கிறிஸ்தியானோ கனாலியையும் சேர்த்துக்கொண்டு 2015இல் 'ஃபுண்டமென்டல்' சென்ட்டைக் கொண்டுவந்தார். இந்த இரண்டாவது வழிதான் நல்லது என்பேன். ரசனை இருக்கிற எல்லோருக்கும் கலவை கைவந்துவிடாது.

நல்ல மூக்கு இருந்தால் ஒரு புட்டி அருமையாக அமைந்துவிடலாம். அதே மணத்தை அடுத்த மாதமும் கொண்டுவருவதில்தான் கம்பெனியின் கஷ்டம். சொட்டுக் கணக்கு உதவாது, ஏனென்றால் கெட்டியான பிசினின் சொட்டும் எலுமிச்சை எண்ணெயின் சொட்டும் ஒரே எடை இல்லை. அதனால் கிராமில் நூறில் ஒரு பங்கையும் காட்டும் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, எடையை எழுதி வைக்கிறார்கள். அப்படியும் சரக்கு ஏமாற்றும். எலுமிச்சை இனத்துப் பெர்கமோட் பழத்தின் எண்ணெயில் உலகத் தேவையின் பெரும்பகுதி, இத்தாலியப் பெருநிலத்தின் தென்கோடியான கலாப்ரியாவிலிருந்து வருகிறது. பருவத் தொடக்கத்தில் பறித்த பச்சைக் காயின் எண்ணெய்க்கும் பழுத்ததன் எண்ணெய்க்கும் மணம் வேறு.

அடுத்து சட்டம். ஒரே ஒரு புட்டி விற்றாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 அழகுசாதன விதி பொருந்தும். தகுதி பெற்ற நிபுணரின் பாதுகாப்பு அறிக்கை வேண்டும், ஒன்றியத்துக்குள் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், விற்பனைக்கு முன் பதிவு செய்ய வேண்டும். பெரிய கம்பெனிக்கும் மூன்று பேர் நடத்தும் கம்பெனிக்கும் விதி ஒன்றுதான்.

ரசிகர்களை அதிகம் வருத்துவது ஓக் பாசி விவகாரம். அதுவும் நம் சமையலின் கல்பாசியைப் போல லைக்கன் இனம். 1917இல் கோட்டி நிறுவனம் வெளியிட்ட 'ஷிப்ர்' சென்ட் தொட்டு ஒரு முழு வாசனைக் குடும்பமே ஓக் பாசியின் ஈரமண் வாடையை நம்பி வளர்ந்தது. பாசியிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதால் அவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை விதித்தது. அவற்றை நீக்கிய பாசி கிடைக்கிறது, ஆனால் ஆழம் குறைவு. பழைய மணத்தை மீட்கவே தொழிலில் இறங்கியவருக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனாலும் தடை நியாயமானது. அடுத்தவர் தோலில் பூசுகிற பொருள் இது.

சிறு ஐரோப்பியக் கம்பெனியின் சென்ட் வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பேட்ச் எண், பொறுப்பாளரின் பெயரும் முகவரியும், லினலூல், லிமோனீன் போன்ற ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல் இவையெல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால், மணம் எவ்வளவு மயக்கினாலும் வாங்காதீர்கள்.