சர்வீஸ்காரர் வந்தா மட்டும் சரியாயிடும் மானிட்டரைப் பிடிப்பது எப்படி?

லேப்ல ஒரு மானிட்டர். ஸ்லீப்ல இருந்து எழும்போது எப்பவாவது ஒரு தடவை கறுப்பாவே நின்னுடும். சர்வீஸ்காரர் வந்து பார்க்கும்போது மட்டும் சமர்த்தா வேலை செய்யும். "ப்ராப்ளம் எதுவும் இல்ல"ன்னு எழுதிக் கொடுத்துட்டு அவர் போயிடுவார். வாரன்ட்டி நாளோ குறைஞ்சுக்கிட்டே வரும்.

இதுல அவரைக் குறை சொல்ல முடியாது. 50 தடவைக்கு ஒரு தடவை இந்தக் கோளாறு வருதுன்னு வச்சுக்குவோம். 10 தடவை ஆஃப்-ஆன் பண்ணிப் பார்த்தா, அது கண்ணில் படாமலே போக 82 சதவீத வாய்ப்பு இருக்கு (0.98-இன் 10-ஆம் அடுக்கு). அதனால நூற்றுக்கணக்கான தடவை பார்க்கணும். அந்த வேலையை ஸ்கிரிப்ட்கிட்ட விட்டுடலாம்.

ஆஃப்-ஆன் பண்றது

லினக்ஸ்ல எக்ஸ்11 ஓடினா, "எக்ஸ்செட்" கமாண்ட் மூலமா மானிட்டரைத் தூங்க வச்சு எழுப்பலாம். பைதான்ல ஒரு லூப் போதும்: 20 செகண்ட் ஆஃப், 20 செகண்ட் ஆன். நடுவுல மௌஸைத் தொடாதீங்க, தொட்டா ஸ்க்ரீன் முழிச்சுக்கும்.

பார்க்கிறது

முக்கியமான சிக்கல் இங்கதான். ஸ்க்ரீன் கறுப்பா இருந்தாலும், படத்தை அனுப்பிட்டோம்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கிட்டிருக்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் அது நல்லாவே வரும். அதனால வெளியே ஒரு கண்ணு வேணும். ஒரு எல்டிஆரை 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோட ஆர்டுயினோவில் இணைச்சு, ஸ்க்ரீன் மேல கறுப்பு டேப் போட்டு ஒட்டுங்க. முழு வெள்ளைப் படம் ஓடட்டும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வர்ற ரீடிங்கை அளந்து, நடுவுல ஒரு எல்லை வைங்க.

ஆரம்பிக்கும் முன்னாடி, வேணும்னே கேபிளை உருவிப் பாருங்க. ஸ்கிரிப்ட் "ஃபெயில்"னு சொல்லலைன்னா, முதல்ல ஸ்கிரிப்டைத்தான் சரி பண்ணணும்.

மாட்டினதும்

ஃபெயில் வந்த உடனே லூப் நிற்கணும். தொடர்ந்து ஓடினா அடுத்த ஆன்ல தடயம் அழிஞ்சுடும். இப்போ ஸ்க்ரீன்ல டார்ச் அடிச்சுப் பாருங்க. மங்கலா உருவம் தெரிஞ்சா பேக்லைட் மேல சந்தேகம் (அதுக்கு வெள்ளைப் படத்துலயே நாலு கறுப்புக் கோடு போட்டு வைங்க). "நோ சிக்னல்"னு வந்தா கேபிள், போர்ட், கிராபிக்ஸ் பக்கம் தேடணும். எத்தனையாவது சுற்று, என்ன நேரம்னு லாக்ல எழுதிட்டுத் தொடருங்க. ஒண்ணும் சிக்கலைன்னா ஆஃப் நேரத்தை 10 நிமிஷமா மாத்திப் பாருங்க. சில கோளாறு, பாகங்கள் ஆறின பிறகுதான் வரும்.

சரியாயிடுச்சா?

கேபிளை மட்டும் மாத்தினீங்க, 20 சுற்று நல்லா ஓடுச்சு. சந்தோஷப்படாதீங்க. பழைய கேபிளிலேயே 20 சுற்று தப்பிக்க 67 சதவீத வாய்ப்பு இருந்தது! 150 சுற்று ஃபெயில் இல்லாம ஓடினாத்தான், 95 சதவீத நம்பிக்கையோட "இப்போ கோளாறு 50-க்கு ஒண்ணைவிடக் குறைவு"ன்னு சொல்லலாம். சுற்றுக்கு 40 செகண்ட், மொத்தம் 100 நிமிஷம். ஒரு மதிய லேப் போதும். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாத்துங்க.

கோளாறு இன்னும் வருதா? அந்த லாக்கையும் ஒரு மொபைல் வீடியோவையும் சர்வீஸ்காரர் கையில் கொடுங்க. "300 சுற்றில் 6 ஃபெயில்"னு தேதியோட காட்டினா, அதுக்கு மேல "ப்ராப்ளம் இல்ல"ன்னு எழுதுறது அவருக்கே கஷ்டம்.