இரண்டாயிரம் ரூபாய் போகும் வழி

2024 ஜூன் 18 அன்று, விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு பண உதவி வழங்கும் பிஎம் கிசான் திட்டத்தின் 17ஆவது தவணை விடுவிக்கப்பட்டது. 9.26 கோடி விவசாயிகள், ஆளுக்கு 2,000 ரூபாய். நொடிக்கு ஒருவர் என்று ராப்பகலாகக் கையில் கொடுத்திருந்தால், முடிக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். நான்கு மாதத்துக்கொரு தவணை என்பதால், அதற்குள் இன்னும் எட்டுத் தவணைகள் வரிசையில் வந்து நின்றிருக்கும்!

இந்தப் பணத்துக்கு முகவரி, விவசாயியின் ஆதார் எண். அதை வைத்து வழி சொல்வது ‘இணைப்புப் பதிவேடு’, அதாவது எந்த ஆதார் எண் எந்த வங்கியைச் சேர்ந்தது என்ற மாபெரும் அட்டவணை. அதில் வங்கியின் பெயர் உண்டு, கணக்கு எண் கிடையாது. பணம் வங்கியின் வாசல்வரை வரும். யார் கணக்கு என்பதை உள்ளே வங்கிதான் கண்டுபிடிக்கும். மூன்று வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவருக்கு, கடைசியாக எந்த வங்கி வழியாக அந்தப் பதிவேட்டில் இணைந்தாரோ அங்கேதான் பணம் விழும். ஒரு வங்கியில் காத்திருந்தவர் பணத்தை இன்னொரு வங்கியில் கண்டெடுப்பது இதனால்தான்.

இவ்வளவு நுட்பமான ஏற்பாடும் ஒரு கேள்வியில் திணறியது: இவருக்கு நிலம் இருக்கிறதா? 2020இல் தமிழ்நாட்டில் அது வெட்ட வெளிச்சமானது. வேளாண் துறையின் கடவுச்சொற்கள் தவறானவர்கள் கைக்குப் போய், தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். சுமார் 110 கோடி ரூபாய் அவர்களுக்குப் போனது. ஆதார் உண்மை, வங்கிக் கணக்கும் உண்மை. வயல்தான் இல்லை.

வயல் இருக்கிறதா என்று ஊரைக் கேட்டால் நொடியில் சொல்லிவிடும். அந்த ஊர் அறிவைப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது. திட்டத்தின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் பயனாளிகளின் பெயர்கள் வந்துவிடும். யாரும் பார்க்கலாம். இதற்குப் பின்னால் ஒரு சட்டமும் நிற்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. மனு எழுதிக் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. என் கண்ணுக்கு இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த பாதுகாப்பு இதுதான். கடவுச்சொல்லைத் திருடலாம்; பக்கத்து வீட்டுக்காரரின் நினைவைத் திருட முடியாது.

ஆனால் பயனாளிகளைப் பற்றி ஊருக்கு எவ்வளவு காட்டலாம் என்பது எளிய கணக்கல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேளாண் மானியம் பெற்ற ஒவ்வொருவர் பெயரும் தொகையும் இணையத்தில் வெளியாயின. ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநில விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தனிமனிதர்களைப் பொறுத்தவரை அந்த விதி எல்லை மீறுகிறது என்று ரத்து செய்தது. பிறகு 2013இல் வந்த புதிய விதி, பெயர் வெளியீட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. சிறு தொகை வாங்குவோரின் பெயரை மட்டும் மறைத்தது.

நம் கிராமப் பட்டியலில் இன்னொன்றையும் படிக்கலாம்: யார் பெயர் இல்லை என்பதை. திட்டம் கேட்பது நில உரிமையை. அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நாற்று நட்டு, களையெடுத்து, அறுக்கிறவருக்குத் தன் பெயரில் பட்டா இருக்காது. அந்த வயலுக்கான 2,000 ரூபாய் உரிமையாளரின் கணக்குக்குப் போகும், அவர் சென்னையில் குடியிருந்தாலும்.