கல்லூரியும் இரவுப் பள்ளியும்

கல்வி இலாகா என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது பரீட்சைக் கட்டணமும் பட்டமளிப்பு வைபவமுந்தான். எழுத்தறியாத குடியானவனுக்கும் அவன் மனைவிக்கும் அந்த இலாகாவில் பாத்தியதை உண்டு என்பதை நெடுங்காலம் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இதற்குக் காரணம் சரித்திரத்திலே இருக்கிறது. 1854-ஆம் வருஷத்தில் உட் துரை அனுப்பிய உத்தரவை ஒட்டிச் சென்னை ராஜதானியில் கல்விக்கென்று ஓர் இலாகா ஏற்பட்டது. 1857-ல் சர்வகலாசாலை பிறந்தது. பாமர ஜனங்களின் கல்வியையும் அந்த உத்தரவு வற்புறுத்தத்தான் செய்தது. ஆயினும் சர்க்காருக்கு முதலில் வேண்டியிருந்தவர்கள் குமாஸ்தாக்கள். 1921-ல் கல்வி இந்திய மந்திரிகளின் பொறுப்புக்கு வந்தது. கஜானாவின் சாவி மட்டும் வரவில்லை! 1937-ல் காங்கிரஸ் மந்திரி சபைகள் ஏற்பட்டன. பீஹாரில் கல்வி மந்திரி டாக்டர் சையத் மஹ்மூத் 1938-ல் முதியோருக்கு எழுத்தறிவிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். மறு வருஷமே யுத்தம் மூண்டது. மந்திரி சபைகளும் விலகின. 1951-ஆம் வருஷக் கணக்கில் தேசத்திலே படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 18 பேர். பெண்களில் 9 பேர் கூட இல்லை.

மேல் படிப்பும் முதியோர் கல்வியும் உண்மையில் ஒரே காரியத்தின் இரு முனைகள். இதற்குப் புதுக்கோட்டையைக் காட்டிலும் நல்ல அத்தாட்சி கிடையாது. பழைய சமஸ்தானமாக இருந்த காலத்தில் அங்கே மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர விரும்பியபோது வைதிகர்கள் கொதித்து எழுந்தார்கள். மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவளைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தார். அந்தப் பெண்தான் 1912-ல் டாக்டர் பட்டம் பெற்று, பின்னர் சென்னைச் சட்டசபையின் உப தலைவராக விளங்கிய முத்துலட்சுமி ரெட்டி.

அதே புதுக்கோட்டை 1974-ல் ஜில்லா ஆயிற்று. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்தினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் ஆசிரியர்களும் இளைஞர்களும் ஊதியம் கருதாமல் உழைத்தார்கள். பகலெல்லாம் கல்லுடைத்த பெண்களும் களை பறித்த பெண்களும் இரவில் விளக்கடியில் வந்து உட்கார்ந்தார்கள்.

எழுத்தோடு அவர்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டதுதான் விசேஷம். 1992-ஆம் வருஷத்து மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் நகர்வலம் வந்தார்கள். கடைகளில் பெண்கள் சைக்கிள் தீர்ந்துவிடவே, பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். "பெண் பிள்ளைக்கு இது அடுக்குமா?" என்று ஏளனம் செய்தவர்களும் இல்லாமல் இல்லை. ஆனால் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் தன் வேலையை முடித்துத் திரும்பும் பெண்ணுக்கு ஏளனத்தைக் கேட்க நேரம் ஏது? கல்லுடைக்கும் பெண்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து தாங்களே குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கணக்குப் படிக்கத் தெரிந்தவளிடம் கூலியைக் குறைத்துக் கொடுப்பது அவ்வளவு சுலபமா?

எனினும் ஓர் அபாயம் உண்டு. கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடக் கற்றவர்கள், பிறகு படிக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் சில வருஷங்களில் எழுத்தை மறந்துவிடுவார்கள். வெட்டிய கிணற்றைத் தூர்ந்துபோக விடுவது போன்றது அது. இதற்குப் பரிகாரமும் நம்மிடமே இருக்கிறது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-ல், சுதந்திர இந்தியாவிலேயே முதன் முதலாகச் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் செய்தது. வீட்டு வரியோடு நாம் செலுத்தும் நூலக வரி அதன் பயனே.

ஆகவே கல்வி இலாகாவின் பெருமையைப் பட்டதாரிகளின் தொகையைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. நாற்பது வயதில் அகரம் கற்ற தாய்க்குப் பெரிய எழுத்தில் ஒரு நல்ல புத்தகம் அவள் ஊர் நூலகத்தில் கிடைக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பட்டம் பெற்ற அவள் பிள்ளை அதை அவளோடு உட்கார்ந்து படிப்பானானால், அந்த வீட்டில் இரண்டு கல்வியும் நிறைவேறியதாகும்.